விற்பனையாளரின் நேரம் யாருக்கு உரியது?

ஹலாலான வழியில் பொருள் தேடுவது நம்மீது கடமை. அதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் அந்தக் கடமைக்கு எல்லை எது என்று கேட்டால் நம்மில் பலர் விழிக்கிறோம். சரக்கை விற்பவன் தன் இரவையும் தூக்கத்தையும் மனைவி மக்களோடு அமர்ந்திருக்கும் வேளையையும் சேர்த்தே விற்றுவிட வேண்டுமா? விற்பனைத் தொழிலில் இருக்கும் சகோதரர்கள் மஸ்ஜித் வாசலில் நின்று அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கேட்பவர்கள் மார்க்கப் பற்றுள்ளவர்கள், சோம்பேறிகள் அல்லர். ஆகவே இதற்கு ஆதாரத்தோடு விடை காணக் கடமைப்பட்டிருக்கிறோம்.

வியாபாரப் பயணம் நம் சமுதாயத்துக்குப் புதிதன்று. காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் முதலிய கடற்கரை ஊர்களின் முன்னோர்கள் இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் சபர் சென்றார்கள். ஆம்பூர், வாணியம்பாடித் தோல் வியாபாரிகள் சென்னைப் பெரியமேட்டுக்கும் சொந்த ஊருக்குமாக நடையாய் நடந்தார்கள். அவர்கள் பட்ட சிரமம் சிறிதன்று. என்றாலும் கடையில் இருக்கும்போது கடை, வீட்டில் இருக்கும்போது வீடு என்ற பிரிவு அவர்களுக்கு இருந்தது.

இன்று நிலைமை வேறு. திங்கட்கிழமை காலையில் சாம்பிள் பையோடு லைனுக்குப் புறப்படுகிறவர் ஊர் ஊராகக் கடை ஏறி ஆர்டர் எடுக்கிறார். பழைய பாக்கியை வசூலிக்கிறார். இரவில் லாட்ஜில் தங்குகிறார். வெள்ளி இரவோ சனி காலையோ வீடு திரும்புகிறார். திரும்பினாலும் ஓய்வில்லை. சட்டைப்பையில் இருக்கும் கைபேசி வழியாகப் பார்ட்டிகள் அனைவரும் அவரோடு வீட்டுக்குள் வந்துவிடுகிறார்கள். சாப்பாட்டுத் தட்டின் முன் அமர்ந்தால் ஒரு அழைப்பு. பாயில் படுத்தால் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி. எடுக்காவிட்டால் வேறு கம்பெனிக்காரன் எடுத்துக்கொள்வான் என்ற அச்சம்.

இதில் மார்க்கம் என்ன சொல்கிறது?

முதலில், வாடிக்கையாளருக்கு நம்மீது ஹக்கு இல்லை என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் இரவெல்லாம் தொழுது, பகலெல்லாம் நோன்பு நோற்றபோது, கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் அவரை அழைத்து, உம் உடலுக்கும் கண்ணுக்கும் மனைவிக்கும் உம்மைக் காண வருபவருக்கும் உம்மீது உரிமை உண்டு என்ற கருத்தில் உபதேசித்தது ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியிருக்கிறது. காண வருபவரின் உரிமை இங்கே தனியாகச் சொல்லப்பட்டிருக்கிறது. நம்மை நாடி வரும் வாடிக்கையாளருக்கு முகமலர்ச்சியும் நேரமும் கொடுப்பதை இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அதே பட்டியலில் கண்ணும் உடலும் மனைவியும் இருப்பதை மறந்துவிட்டு, ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்வது நியாயமாகுமா?

ஸல்மான் (ரலி) அவர்களின் வரலாறு இதைவிடத் தெளிவானது. அவர்கள் தம் சகோதரராக்கப்பட்ட அபுத்தர்தா (ரலி) அவர்களின் வீட்டுக்குச் சென்றபோது, அந்த வீட்டு அம்மையார் அலங்காரமற்ற கோலத்தில் இருந்தார்கள். கணவருக்கு உலகத்தில் நாட்டமில்லை என்பதே காரணம். ஸல்மான் (ரலி) அவர்கள் அபுத்தர்தாவை உண்ண வைத்தார்கள். இரவில் தொழ எழுந்தவரை உறங்கச் சொன்னார்கள். இரவின் கடைசிப் பகுதியில் எழுப்பி இருவரும் தொழுதார்கள். இறைவனுக்கும் உமக்கும் உம் குடும்பத்துக்கும் உரிமைகள் உண்டு, ஒவ்வொருவருக்கும் உரியதைக் கொடும் என்பது அவர்கள் சொன்ன அறிவுரையின் சாரம். நாயகம் (ஸல்) அவர்கள் இதைக் கேட்டு, ஸல்மான் சொன்னது உண்மை என்று அங்கீகரித்தார்கள்.

சகோதரர்களே! இங்கே சற்று நின்று சிந்தியுங்கள். அபுத்தர்தா (ரலி) அவர்கள் குடும்பத்தின் நேரத்தைக் கொடுத்தது அல்லாஹ்வின் வணக்கத்துக்கு. அதற்கே அனுமதி கிடைக்கவில்லை. வணக்கம்கூட விழுங்கக் கூடாத குடும்பத்தின் உரிமையை, மாத டார்கெட்டும் கமிஷனும் விழுங்கலாம் என்று எந்த ஆலிம் ஃபத்வா கொடுப்பார்?

ஓய்வுக்கு நேரம் குறித்ததும் நாமல்ல. அந்நபஃ அத்தியாயத்தில் அல்லாஹு தஆலா தூக்கத்தை இளைப்பாறுதலாகவும், இரவை ஆடையாகவும், பகலைப் பிழைப்புக்கு உரியதாகவும் ஆக்கியதைத் தன் அருட்கொடைகளாக எண்ணிக் காட்டுகிறான். அந்நூர் அத்தியாயத்தின் 58 ஆம் வசனம் இன்னும் நுட்பமானது. ஃபஜ்ருக்கு முன்பும், நண்பகலில் உடைகளைக் களைந்து இளைப்பாறும்போதும், இஷாவுக்குப் பின்பும் ஆக மூன்று வேளைகளில், அந்த வீட்டுச் சிறு பிள்ளைகளும் பணியாளர்களும்கூட அனுமதி கேட்காமல் உள்ளே வரக்கூடாது என்று அது கட்டளையிடுகிறது. பெற்ற பிள்ளையே அனுமதி கேட்டு நுழைய வேண்டிய நேரத்தில், நூறு மைல் தொலைவிலுள்ள பார்ட்டி கைபேசி வழியாகக் கேளாமல் நுழைவதை நாமாகவே அனுமதித்துவிட்டு, தொழிலின் மீது பழி போடுகிறோம்.

அதே அத்தியாயத்தின் 28 ஆம் வசனத்தில், வீட்டார் திரும்பிப் போகச் சொன்னால் வந்தவர் திரும்பிப் போய்விட வேண்டும், அதுவே தூய்மையானது என்ற சட்டம் இருக்கிறது. அப்படியானால் வந்தவரைத் திருப்பி அனுப்பும் உரிமை வீட்டுக்காரருக்கு உண்டு என்று ஆகிறது. இதற்கு அழகான நிகழ்ச்சி ஒன்று உண்டு. அபூ மூஸா அல் அஷ்அரீ (ரலி) அவர்கள் உமர் (ரலி) அவர்களின் வாசலில் நின்று அனுமதி கேட்டார்கள். உமர் (ரலி) வேறு அலுவலில் இருந்தார்கள். மூன்று முறை கேட்டும் அனுமதி கிடைக்காததால் அபூ மூஸா திரும்பிவிட்டார்கள். பின்னர் உமர் (ரலி) அவர்களை அழைத்துக் காரணம் கேட்டபோது, இதுவே நாயகத்தின் கட்டளை என்றார்கள். சாட்சி கோரப்பட்டது, அபூ ஸயீத் அல் குத்ரீ (ரலி) சாட்சி சொன்னார்கள். அப்போது உமர் (ரலி) அவர்கள், கடைவீதி வியாபாரம் தம்மை இதை அறியாமல் பராக்காக்கிவிட்டதே என்று வருந்தினார்கள். இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் இந்த ஹதீஸை வியாபாரப் பாடத்திலும் இடம்பெறச் செய்திருப்பது கவனிக்கத்தக்கது. மூன்று முறை அழைத்தும் எடுக்காவிட்டால் விட்டுவிடுவது அழைப்பவருக்கு ஒழுக்கம். எடுக்காமல் இருப்பது வீட்டிலிருப்பவருக்குக் குற்றமாகாது.

"எல்லாம் சரி, வியாபாரம் போய்விடுமே" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அந்த அழைப்புகள் ஏன் வருகின்றன என்று கொஞ்சம் ஆராய்ந்து பாருங்கள். புதிய ஆர்டர் கொடுக்க இரவு பத்து மணிக்கு அழைப்பவர் அபூர்வம். "நாளைக்கே சரக்கு வந்துவிடும் என்றீர்களே, எங்கே?" என்று கேட்பவரே அதிகம். "சாம்பிளில் காட்டியது ஒன்று, மூட்டையில் வந்தது ஒன்று" என்பவர் அடுத்தவர். "நீங்கள் சொன்ன விலை வேறு, பில்லில் இருப்பது வேறு" என்பவர் மூன்றாமவர். பகலில் ஆர்டரைப் பிடிக்க வேண்டும் என்ற ஆசையில் சொன்ன வார்த்தை, இரவில் நம் தூக்கத்தைக் கெடுக்க வருகிறது.

ஆகவே ஓய்வுக்கான வழி கைபேசியை அணைப்பதில் தொடங்கவில்லை; நாவைக் காப்பதில் தொடங்குகிறது. விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறையைத் தெளிவுபடுத்தினால் அவர்களின் வியாபாரத்தில் பரக்கத் உண்டாகும், மறைத்துப் பொய் சொன்னால் பரக்கத் அழிக்கப்படும் என்பது ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அறிவிக்கும் ஹதீஸின் கருத்து. பரக்கத் என்றால் பணம் பெருகுவது மட்டுமா? நிம்மதியாக உறங்கும் இரவும் பரக்கத்தே. பத்து நாளாகும் என்றால் பத்து நாள் என்றே சொல்லுங்கள். பேசிய விலையையும் தவணையையும் அங்கேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். கடனை எழுதி வைக்கச் சொல்லும் அல்பகரா 282 ஆம் வசனம் திருக்குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம். எழுதியதை யாரும் இரவில் அழைத்துக் கேட்க வேண்டியதில்லை. ஒரு முறை உண்மையைச் சொல்லி ஒரு ஆர்டரை இழக்க நேரலாம். ஆனால் பத்து முறை டீ வாங்கிக் கொடுத்துச் சம்பாதிக்க முடியாத நம்பிக்கையை அது சம்பாதித்துக் கொடுக்கும்.

அப்படியும் சில ஆர்டர்கள் போகத்தான் செய்யும். அதற்கு ஈமான்தான் பதில். மதீனாவில் ஒரு ஜுமுஆ நாளில் வியாபாரக் கூட்டம் வந்த செய்தி கேட்டு மக்கள் எழுந்து ஓடினார்கள். நாயகத்தோடு எஞ்சியவர்கள் பன்னிரண்டு பேர் என்று ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள். அல்லாஹ்விடம் இருப்பது வியாபாரத்தை விட மேலானது, அவனே ரிஸ்க் அளிப்பவர்களில் சிறந்தவன் என்று உணர்த்தும் வசனம் அப்போது இறங்கியது. உட்கார்ந்திருந்த பன்னிரண்டு பேரின் ரிஸ்க் குறைந்துவிடவில்லை.

இனி பயணத்தைப் பற்றி. பயணியின் சிரமத்தை அல்லாஹ் அறிவான். அல்முஸ்ஸம்மில் அத்தியாயத்தின் கடைசி வசனத்தில் இரவு வணக்கத்தை அவன் இலேசாக்கியபோது, நோயாளிகளோடும் போர் செய்பவர்களோடும் சேர்த்து, அல்லாஹ்வின் அருளைத் தேடிப் பூமியில் பயணிப்பவர்களையும் காரணமாகச் சொன்னான். ஏறத்தாழ 80 கிலோ மீட்டருக்கு மேற்பட்ட பயணத்தில் நான்கு ரக்அத் பர்ளை இரண்டாகச் சுருக்கும் கஸ்ரு சட்டம் இருக்கிறது. ஹனஃபிகளுக்கு அது வாஜிப். ஓரிடத்தில் பதினைந்து நாள் தங்க நிய்யத் வைத்தால் முழுமையாகத் தொழ வேண்டும். ஷாஃபிகளுக்கு அது சலுகை. ளுஹரோடு அஸரையும் மஃரிபோடு இஷாவையும் சேர்த்துத் தொழவும் அனுமதி உண்டு. வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்க நான்கு நாள் தங்க எண்ணினால் சலுகை நீங்கிவிடும். தன் உரிமையையே பயணிக்குப் பாதியாகக் குறைத்துக்கொண்டவன் நம் ரப்பு. நாமோ, அவன் குறைத்ததையும் தொழாமல் விட்டுவிட்டு, குறைக்க வேண்டிய அலைச்சலைக் கூட்டிக்கொள்கிறோம்.

பயணம் வேதனையின் ஒரு பகுதி, அது உணவையும் உறக்கத்தையும் தடுக்கிறது, ஆகவே காரியம் முடிந்ததும் விரைந்து வீடு திரும்புங்கள் என்ற கருத்துள்ள ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. இரண்டு நாளில் முடியும் லைனை மூன்று நாளாக்கிப் படிப் பணம் எழுதுவது முதலாளிக்குச் செய்யும் மோசடி. மூன்று நாள் வேலையை இரண்டு நாளில் முடித்து வரும்படி விரட்டுவது முதலாளி செய்யும் அநியாயம். நம் கடைகளிலும் கம்பெனிகளிலும் ஆள் வைத்து வேலை வாங்கும் பெரியோர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உங்கள் கையின் கீழ் இருப்பவர் மீது தாங்க முடியாத சுமையை ஏற்றாதீர்கள், ஏற்றினால் நீங்களும் உதவுங்கள் என்பது அபூதர் (ரலி) அவர்களுக்குச் செய்யப்பட்ட உபதேசத்தின் கருத்து. இஷாவுக்குப் பின் ஊழியரை அழைக்கும் முதலாளி, தாமும் ஒரு வீட்டின் கதவைத் தட்டுவதை உணர வேண்டும். ரமளான், தீபாவளி காலத்து அவசரம் வேறு. அது சில வாரங்களில் முடிவது. ஆண்டு முழுவதும் சீசனாகவே நடத்துவது எந்த உடலுக்கும் தாங்காது.

உமர் (ரலி) அவர்கள் தம் ஆட்சியில், போருக்குச் சென்ற கணவனைப் பிரிந்த பெண்ணின் தனிமைத் துயரைக் கேட்டு, தம் மகள் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் விசாரித்து, வீரர்களை வீட்டைவிட்டுப் பிரித்து வைக்கும் காலத்துக்கு வரம்பு வகுத்தார்கள். நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் உண்டு. போர்க்களத்துக்கே வரம்பு இருந்தது என்பதே நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம்.

கடைசியாக ஒன்று. விற்பனைக்காரரின் முதல் மூலதனம் அவருடைய புன்னகை. கடைக்காரர் எரிந்து விழுந்தாலும் அவர் சிரிப்பார். காத்திருக்கச் சொன்னாலும் பொறுமையாகக் காத்திருப்பார். அதே மனிதர் வீட்டுக்கு வந்ததும், சோறு ஆறிவிட்டது என்று மனைவியிடம் சீறுவார். பிள்ளை பாடம் கேட்டு வந்தால் விரட்டுவார். அப்படியானால் கடையில் காட்டியது நற்குணமா, சரக்கோடு விற்கப்பட்ட இன்னொரு சரக்கா? உங்களில் சிறந்தவர் தம் குடும்பத்தாரிடம் சிறந்தவரே என்று நாயகம் (ஸல்) அவர்கள் உணர்த்தியது இதற்காகத்தான். லாபம் எதிர்பார்க்க முடியாத இடத்தில் காட்டும் பொறுமையே நம் குணத்தின் உண்மையான அளவுகோல்.

தாய்மார்களும் இதில் பங்கெடுக்க வேண்டும். அலைந்து திரும்பியவரை வாசலிலேயே குறைகளோடு வரவேற்காமல் சற்று உறங்கவிடுங்கள். அக்கம்பக்கத்தாரின் நகையையும் வீட்டையும் காட்டி அவரை மீண்டும் மீண்டும் ஓட வைக்காதீர்கள். ஆண்கள் இன்றிரவே ஒரு முடிவுக்கு வாருங்கள். இஷாவிலிருந்து ஃபஜ்ரு வரை பார்ட்டிகளுக்குக் கதவு மூடியிருக்கும் என்று நல்ல வார்த்தையில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மறுநாள் காலை அவர்களை முதலில் நீங்களே அழையுங்கள். கதவு மூடியதால் எந்த நல்ல வாடிக்கையாளரும் கோபிக்கமாட்டார். திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காவிட்டால்தான் கோபிப்பார்.

ஒவ்வொருவருக்கும் உரிய ஹக்கை உரிய நேரத்தில் கொடுக்கும் நற்பாக்கியத்தையும், நம் சம்பாத்தியத்தில் பரக்கத்தையும், நம் வீடுகளில் அமைதியையும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.