யாருடைய நாற்காலி?

1956 மே மாதம், திருச்சி. அதுவரை தேர்தலில் நின்றே அறியாத திராவிட முன்னேற்றக் கழகம், அடுத்த ஆண்டு வரப்போகும் பொதுத்தேர்தலில் நிற்கலாமா வேண்டாமா என்று மாநாட்டுக்கு வந்தவர்களிடமே பெட்டி வைத்து வாக்குக் கேட்டது. அந்த மாநாட்டுக்குத் தலைமை ஏற்றவர் இரா. நெடுஞ்செழியன். தம்பி என்று அவரை அழைத்துத் தலைமையை ஏற்கச் சொன்னவர், இனி உன் சொல்லுக்கு நாங்கள் கட்டுப்படுவோம் என்று பல்லாயிரம் பேர் முன்னால் அறிவித்தவர், காஞ்சிபுரத்து அண்ணா. அவருக்கு அப்போது 46 வயது. ஒதுங்கிக்கொள்கிற வயதல்ல; கட்சிக்குள் அவரை மிஞ்ச ஆளும் இல்லை. ஆனாலும் பொதுச்செயலாளர் பொறுப்பு அந்த ஆண்டுகளில் நெடுஞ்செழியனிடம் போயிற்று.

தலைமை கைமாறும்போது உண்மையில் எது கைமாறுகிறது? பதவியைக் கொடுத்துவிடலாம். பின்னால் வருகிறவர்களின் நம்பிக்கையையும் சேர்த்துக் கொடுக்க முடியுமா? குரு மறைந்த ஒவ்வொரு மடத்திலும் எழுந்த கேள்வி இது. எதிர்க்கட்சியில், அதுவும் தேர்தல் நெருங்கும் வேளையில், இதன் கூர்மை அதிகம். ஆளுங்கட்சியில் மந்திரி பதவியும் வாரியமும் ஆட்களைக் கட்டிப்போட்டு வைக்கும். எதிர்க்கட்சியில் நம்பிக்கையை விட்டால் வேறு கயிறு கிடையாது.

அந்தக் கட்சி பிறந்ததே ஒரு காலி நாற்காலியோடுதான். 1949 செப்டம்பரில் தி.மு.க. தொடங்கியபோது தலைவர் பதவியைப் பெரியாருக்கென்று ஒதுக்கி வைத்தார்கள். பிரிந்து வந்தவர்கள், யாரை விட்டுப் பிரிந்தார்களோ அவருக்கே இடம் வைத்திருந்தார்கள். கடவுள் மறுப்பு பேசிய இயக்கத்தில் இது ஏறக்குறைய ஒரு வழிபாடு. அண்ணா பொதுச்செயலாளராகவே நின்றார்.

தலைமை கைமாறும்போது எது கைமாறுகிறது என்ற கேள்விக்குக் காஞ்சிபுரத்தில் கல்லில் செதுக்கிய பதில் ஒன்று உண்டு. வைகுண்டப் பெருமாள் கோயிலின் திருச்சுற்றுச் சுவரில் வரிசை வரிசையாகப் பல்லவர் வரலாறு. 8ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பரமேசுவரவர்மன் இறந்ததும் அரியணைக்கு நேர் வாரிசு இல்லை. ஊர்ப் பெரியோரும் கடிகை என்ற கல்விச்சாலையாரும் பல்லவர் கிளைவழியினரான இரணியவர்மனிடம் போய் ஓர் அரசனைத் தரும்படி கேட்கிறார்கள். அவருடைய மூத்த மகன்கள் மூவரும் மறுக்க, கடைசி மகன் பல்லவமல்லன் ‘நான் போகிறேன்’ என்கிறான். வயது 12. அவன்தான் இரண்டாம் நந்திவர்மன். சிற்பத்தில் நின்று பார்க்க வேண்டிய இடம் முடிசூட்டு அல்ல, அதற்கு முந்தைய காட்சி: ஆளப்படப் போகிறவர்கள் தாங்களே நடந்து போய்த் தலைவனைக் கேட்கிறார்கள்.

வைணவக் குருபரம்பரை சொல்லும் கதையும் இதே ஊரில்தான் தொடங்குகிறது. திருவரங்கத்து ஆசாரியர் ஆளவந்தார் காஞ்சிக்கு வந்து, யாதவப் பிரகாசரின் மாணவர் கூட்டத்தில் இளைஞர் இராமானுசரைப் பார்க்கிறார். தமக்குப் பின் இவர்தான் என்று மனத்துக்குள் முடிவு செய்கிறார். ஒரு வார்த்தை பேசாமல் திரும்புகிறார். பின்னாளில் இராமானுசர் திருவரங்கம் போய்ச் சேர்ந்தபோது ஆளவந்தாரின் உயிர் பிரிந்துவிட்டது. அதன் பின்னும் இராமானுசர் உடனே பீடத்தில் அமர்ந்துவிடவில்லை. காஞ்சிக்கே திரும்பினார். திருவரங்கத்தார் மறுபடி அழைத்துப்போக வர வேண்டியிருந்தது. குருவின் தேர்வு ஒருபக்கம், அடியாரின் அழைப்பு மறுபக்கம். இரண்டும் சேர்ந்த பிறகே தலைமை.

அதே காஞ்சியின் நெசவாளர் பகுதியான பிள்ளையார்பாளையத்தில் வாரிசு என்ற பேச்சு வேறு விதமாக ஒலிக்கும். கோர்வைச் சேலை நெய்ய ஒரே தறியில் இருவர் வேண்டும். நெய்பவர் ஒருவர், கரைக்கான நாடாவைத் தள்ளிவிடப் பக்கத்தில் இன்னொருவர். அந்தப் பக்கத்து இடத்தில் உட்கார்ந்துதான் வீட்டுப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகத் தொழில் கற்றார்கள். இன்று பல வீடுகளில் அந்த இடம் காலி. பிள்ளை ஸ்ரீபெரும்புதூருக்கோ ஒரகடத்துக்கோ கம்பெனி வேலைக்குப் போகிறான். தறிக்குழியில் இறங்க வேண்டாம் என்று அவனுக்குச் சொன்னதே அப்பாதான். முதுகுவலியும் முன்பணக் கடனும் தன்னோடு போகட்டும் என்று அவர் நினைக்கிறார்.

பாரம் என்றால் பிள்ளைக்கு வேண்டாம் என்கிறோம். சொத்து என்றால் பிள்ளைக்கு எழுதி வைக்கிறோம். ஒரு கட்சியின் தலைமை எந்தத் தயக்கமும் இல்லாமல் வீட்டுக்குள்ளேயே கைமாறினால், அது எப்போது சொத்தாயிற்று என்று தொண்டன் கேட்கத்தான் வேண்டும்.

அண்ணா நெசவாளர் குடும்பத்துப் பிள்ளை. 1953இல் கைத்தறித் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் கூவி விற்றவர். 1956இல் அவர் நெடுஞ்செழியனுக்குக் கொடுத்தபோது அந்தத் தலைமையில் பாரம் மட்டுமே இருந்தது. கையில் ஒரு சட்டமன்ற இடம்கூட இல்லை. 1957இல் கிடைத்தவை சட்டமன்றத்தில் 15, மக்களவையில் 2. காஞ்சிபுரத்தில் அண்ணா வென்றார்.

ஆனால் இதை முழு வெற்றிக் கதையாகச் சொன்னால் அது உண்மையாகாது. பொறுப்பு நெடுஞ்செழியனிடம் இருந்தாலும் கூட்டம் அண்ணா முகத்தையே பார்த்தது. 1960இல் அவரே மீண்டும் பொதுச்செயலாளரானார். மறு ஆண்டு ஈ.வெ.கி. சம்பத் பிரிந்து போனார். 1962இல் அண்ணா சொந்த ஊரிலேயே காங்கிரசின் எஸ்.வி. நடேச முதலியாரிடம் தோற்க, கழகத்தின் 50 உறுப்பினர்களுக்குத் தலைவராகச் சட்டமன்றத்தில் நெடுஞ்செழியன் எழுந்து நின்றார். மேடையில் கொடுத்த தலைமை உண்மையில் அவர் கைக்கு வந்தது அந்தத் தோல்வியில்தான். 1969 பிப்ரவரி 3 அன்று அண்ணா மறைந்ததும் நெடுஞ்செழியன் தற்காலிக முதல்வர். பிப்ரவரி 10 அன்று முதல்வரானவர் மு. கருணாநிதி. அண்ணாவின் அழைப்பு 13 ஆண்டுக்குப் பிறகு கட்சியைக் கட்டுப்படுத்தவில்லை. அதே ஆண்டு ஜூலையில் பெரியாருக்கென்று வைத்திருந்த நாற்காலியும் நிரம்பிற்று.

கொடுப்பவரால் இடத்தைத் திறந்துவிட முடியும். அதற்கு மேல் அவருக்கு அதிகாரம் இல்லை. இதை ஏற்க மனம் வராத கட்சிகள்தான் நாற்காலியைப் பூட்டி வைக்கின்றன. 2017 செப்டம்பரில் அ.தி.மு.க. பொதுக்குழு, மறைந்த ஜெயலலிதாவே நிரந்தரப் பொதுச்செயலாளர் என்றது. ஆட்சியை இழந்த மறு ஆண்டு, 2022 ஜூலை 11 அன்று, அந்த ஏற்பாட்டை அதே பொதுக்குழு கலைத்து எடப்பாடி பழனிசாமியை இடைக்காலப் பொதுச்செயலாளராக்கியது. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. தி.மு.க.வில் கருணாநிதி 49 ஆண்டு தலைவர். எதிர்க்கட்சியாக இருந்த 2017 ஜனவரியில் மு.க. ஸ்டாலின் செயல் தலைவரானார்; தந்தையின் மறைவுக்குப் பிறகு, 2018 ஆகஸ்டில்தான் தலைவர். மிசா காலத்தில் சிறை கண்டவர், நெடுங்காலம் காத்திருந்தவர் என்பதை மறுக்க முடியாது. அந்தக் காத்திருப்பு வேறு எந்தத் தொண்டனுக்கும் பலன் தந்திருக்குமா என்பதும் நியாயமான கேள்வியே.

காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே இருக்கும் உத்திரமேரூர்க் கல்வெட்டு, முதலாம் பராந்தகன் காலத்தது, இந்த இடத்தில் துணைக்கு வரும். நிலமும் வேதப் படிப்பும் உள்ளவர்களுக்கு மட்டுமான சபை அது. அதை இன்றைய மக்களாட்சி என்று கொண்டாடுவது மிகை. ஆனால் அதன் இரண்டு விதிகள் கவனிக்கத்தக்கவை. அண்மையில் பொறுப்பில் இருந்து இறங்கியவர் மூன்று ஆண்டுக்கு மறுபடி வரக் கூடாது. கணக்குக் காட்டாதவரின் பெயரைத் தேர்வுக்கான ஓலையில் எழுதக் கூடாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும்தான். வேட்பாளர் பட்டியலைத் தயாரிக்கத் தொடங்கும் முன்பு ஓர் எதிர்க்கட்சியின் பொதுக்குழு இந்த இரண்டையும் தீர்மானமாகக் கொண்டுவந்து, 1956இல் திருச்சியில் செய்ததுபோல வந்தவர்களிடமே வாக்குக்கு விடலாம்.