செய்தியும் சாட்சியும்

காலைப் பத்திரிகையில் கண்ட ஒன்றைத் தேநீர்க் கடையிலோ தொலைபேசியிலோ இன்னொருவருக்குச் சொல்லுகின்ற மனிதர், தாம் யாதொரு பொறுப்பும் ஏற்கவில்லை என்றே எண்ணுகிறார். ‘நாமா எழுதினோம்? வந்ததைச் சொன்னோம்’ என்பது அவர் சமாதானம். அது செல்லுமா என்பதே நாம் ஈண்டு ஆராய விரும்புவது.

நம்பத்தகாதவர் கொணரும் செய்தியைத் தெளிந்துகொள்ளாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிடலாகாது என்று திருமறையின் ஹுஜுராத் அத்தியாயம் ஆறாம் வசனம் பணிக்கின்றது. பனூ முஸ்தலிக் கூட்டத்தாரிடம் ஜகாத் பெறச் சென்றவர் பாதிவழியில் திரும்பி வந்து, அவர்கள் தர மறுத்ததோடு தம்மைக் கொல்லவும் துணிந்தனர் என்றார். படை எழும் நிலை வந்தது. விசாரித்தபோது அது பொய்யென விளங்கிற்று. வசனம் அருளப்பட்ட சூழல் இதுவே என விரிவுரையாளர் பலரும் எழுதுவர். ‘ஃபதபய்யனூ’ என்று நாம் ஓதுகின்ற சொல்லை ஹம்ஸா, கிஸாயீ ஆகிய இமாம்கள் ‘ஃபதஸப்பதூ’ என ஓதினர். முன்னதற்குத் தெளிவு தேடுதல் என்றும், பின்னதற்கு அவசரப்படாது நிலைகொள்ளுதல் என்றும் பொருள். எப்படி ஓதினும், கட்டளை செய்தி கொணர்ந்தவருக்கன்று, கேட்டவருக்கே இடப்பட்டிருக்கிறது.

பொய்ச் செய்தி படை நடத்தும் என்பதை அறியப் பழங்காலம் செல்ல வேண்டியதில்லை. ஈராக்கில் பேரழிவு ஆயுதங்கள் உள்ளன என்று சொல்லி 2003 மார்ச்சில் அமெரிக்கா படையெடுத்தது. ஆயுதங்கள் அகப்படவில்லை. தன் செய்திகளில் போதிய கண்டிப்பு இல்லாமற் போயிற்று என நியூயார்க் டைம்ஸ் இதழ் 2004 மே மாதம் குறிப்பு வெளியிட்டது. அதற்குள் படைகள் பாக்தாத் புகுந்து ஓராண்டு கடந்திருந்தது.

நம் தமிழகத்திற்கு வருவோம். 1998 பிப்ரவரி 14 அன்று கோவையில் வெடித்த குண்டுகளுக்கு 58 பேர் பலியாயினர். 200-க்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். செய்தவர்கள் முஸ்லிம் பெயர் தாங்கியவர்கள். கொடிய குற்றம் அது. இவ்வாக்கியத்தை அடுத்து ‘ஆனால்’ என்று தொடங்குவோரோடு நமக்கு உடன்பாடில்லை. அதற்குச் சில வாரங்கள் முன்னர், 1997 நவம்பர் இறுதியில், அந்நகரில் காவலர் ஒருவர் கொலையுண்டார். அதைத் தொடர்ந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் மாண்டனர். காவலரைக் கொன்றது குற்றம். பின்னர் நடந்ததும் குற்றமே. ஒன்றை மற்றொன்றுக்கு ஈடாக வைப்பது வணிகக் கணக்கு. நீதிக்கு அது பொருந்தாது. இவற்றுள் ஒரு மாதத்தை மட்டும் நினைவில் நிறுத்தி மற்றதை மறப்பது பத்திரிகைகள் பலவற்றின் வழக்கமாயிற்று. கட்சிகளுக்கோ அதுவே பிழைப்பு. ஒரு மேடைக்குப் பிப்ரவரி, எதிர்மேடைக்கு நவம்பர்!

அவ்வழக்கில் கேரளத்து அப்துல் நாசர் மஃதனி 1998 மார்ச் 31 அன்று கைதானார். பிணை கிடைக்காமல் ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் சிறையிலிருந்து, 2007 ஆகஸ்ட் 1 அன்று தனி நீதிமன்றத்தால் குற்றமற்றவரென விடுவிக்கப்பட்டார். (2010-இல் பெங்களூரு வழக்கொன்றில் மீண்டும் கைதானது வேறு செய்தி.) தேர்தல் நெருங்கிய 2006 மார்ச்சில் கேரளச் சட்டமன்றம் அவர் விடுதலைக்காக ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. முந்தைய எட்டாண்டுகளில் அந்த ஒருமனம் எங்கே போயிருந்தது? கைதானபோது முதற்பக்கம் பெற்ற பெயருக்கு, விடுதலையின்போது அதே அளவு எழுத்துக் கிடைத்ததாக நமக்கு நினைவில்லை. அதே நீதிமன்றம் 158 பேரைக் குற்றவாளிகளெனக் கண்டதே, அதனை நம் மேடைகளில் எத்தனை பேர் வாய்விட்டுச் சொல்லுகின்றனர்? விடுதலையை மட்டும் பேசுவதும் பாதிச் சாட்சிதான்.

நாம் வாழும் வேளச்சேரியிலும் இத்தகைய சோதனை வந்ததுண்டு. 2012 பிப்ரவரி 23 அதிகாலை, இங்கொரு வாடகை வீட்டில் ஐவரைக் காவல்துறை சுட்டுக் கொன்றது. பெருங்குடி, கீழ்க்கட்டளை வங்கிகளில் கொள்ளையடித்தோர் அவர்களே என்றும், முதலில் சுட்டதும் அவர்களே என்றும் காவல்துறை கூறிற்று. மாண்டவரை எந்த நீதிமன்றமும் விசாரிக்க இயலாது. ஆனால் ‘வடமாநிலத்தார்’ என்ற சொல் மறுநாள் முதல் தனித்து நடமாடத் தொடங்கிற்று. குடியிருப்போர் விவரங்களைக் காவல் நிலையத்தில் தரவேண்டுமென வீட்டுக்காரர்களுக்கு உத்தரவு பிறந்தது. கல் சுமக்க வந்தவரும் உணவகத்தில் தட்டுக் கழுவுபவரும் ஒரே நாளில் ஐயத்துக்குரியவராயினர். ‘பாய்மாருக்கு வீடு தருவதில்லை’ என்ற விடை கேட்டு நொந்தவர்களிலேயே சிலர், ‘வடக்கத்தியாருக்கு வீடு தரவேண்டாம்’ என்று அண்டை வீட்டாருக்கு யோசனை சொன்னதை நாம் செவியாரக் கேட்டோம். அந்த வடக்கத்தியாரில் ஜும்ஆவுக்கு நம் ஸஃப்பிலே நிற்பவரும் உண்டு; நில்லாதவருக்கும் நீதி ஒன்றே.

நிஸா அத்தியாயம் 105-ஆம் வசனத்துக்கு விரிவுரையாளர் கூறும் நிகழ்ச்சி இங்கு நினைக்கத்தக்கது. மதீனாவில் முஸ்லிமாக அறியப்பட்ட ஒருவர் கவசம் திருடினார். பழி ஒரு யூதர்மேல் சுமத்தப்பட்டது. திருடியவரின் உறவினர் திரண்டு வந்து அவர் நல்லவரென வாதாடினர். வேதவசனமோ யூதர் குற்றமற்றவரெனக் காட்டிற்று. கட்சி என்ற சொல்லுக்குத் தமிழில் பக்கம் என்றும் பொருளுண்டு. தன் பக்கம், பிறன் பக்கம் என்ற பாகுபாட்டை அவ்வசனம் செல்லவிடவில்லை.

வேளச்சேரியில் இன்று வீடு தேடும் பீகார்த் தொழிலாளிக்குப் பெரும்பாலும் இங்கே வாக்கு இல்லை. ஆகவே அவருக்காகத் தீர்மானம் கொண்டுவர எந்தக் கட்சியும் அவசரப்படப் போவதில்லை. அவரைப் பற்றி அடுத்த வீட்டார் கேட்கும்போது நாம் சொல்லும் சொல் ஒன்றே அவருக்குக் கிடைக்கின்ற சாட்சியம்.