நக்கவாரமும் நம் பெருமிதமும்

அந்தமான், நிகோபார் தீவுகளுக்கு வரும் தமிழ் அன்பர்கள் பெருமிதத்துடன் நினைவுகூரும் செய்தி ஒன்று உண்டு. முதலாம் ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி, 1025ஆம் ஆண்டையொட்டி அவனது கடற்படை வென்ற இடங்களுள் ஒன்றாக மாநக்கவாரத்தையும் குறிப்பிடுகிறது. இன்றைய நிகோபார்தான் அது. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜய புரம் எனப் பெயர் மாற்றப்பட்டபோதும் சோழர் கடற்படை நினைவுகூரப்பட்டது. சோழர் அன்று தாக்கிய பேரரசின் பெயரும் ஸ்ரீவிஜயம்தான் என்பது வேடிக்கை!

இப்பெருமிதம் அறத்திற்கு உகந்ததா? 1258இல் மங்கோலியர் பாக்தாதை அழித்ததைப் படிக்கையில் மனம் பதறுகிறது. 1293இல் குப்ளாய் கானின் கப்பற்படை ஜாவாவுக்குச் சென்றதை ஆதிக்க வெறி என்கிறோம். சோழர் கடாரத்திற்குச் சென்றதை மட்டும் வீரம் என்கிறோம். பாக்தாதின் பேரழிவும் கடாரப் படையெடுப்பும் அளவில் ஒன்றல்ல என்பது உண்மையே. ஆயினும் கடாரத்து அரசன் சிறைப்பட்டதையும் அவனது செல்வம் கவரப்பட்டதையும் மெய்க்கீர்த்தியே மகிழ்ந்து பாடுகிறது. நமது அளவுகோலை வளைப்பது எது? வேதாந்தம் அதனை மமகாரம் என்கிறது. 'என் வீடு, என் பொருள்' என்று தொடங்கும் அந்தப் பற்று, 'என் அரசன், என் வெற்றி' என ஆயிரம் ஆண்டுகள் பின்னோக்கியும் நீள்கிறது.

மங்கோலியரிடம் சிறப்புகள் இல்லாமல் இல்லை. குதிரை அஞ்சல் நிலையங்களால் ஒரு கண்டத்தையே இணைத்தனர். பல சமயத்தாருக்கும் இடமளித்தனர். வாரிசுப் பூசலோ செங்கிஸ்கானின் பேரர்கள் காலத்திலேயே பேரரசைப் பிளந்தது. குப்ளாய் தென்சீனத்தை முற்றிலும் வென்ற 1279ஆம் ஆண்டையொட்டியே இங்கே சோழராட்சியும் மறைந்தது.

சோழரை எண்ணி நான் தலைவணங்குவது நாகப்பட்டினத்தில்தான். ஸ்ரீவிஜய மன்னன் அங்கே எழுப்பிய சூடாமணி விகாரத்திற்கு ராஜராஜன் ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை வழங்கினான். சைவனான அரசன், கடல் கடந்த நாட்டு மன்னனின் பௌத்தப் பள்ளிக்குச் செய்த தானம் அது. தந்தை மறைந்தபின் அதனை என்றும் நிலைக்கச் செய்தவன் ராஜேந்திரனே. பின்னர் அதே ஸ்ரீவிஜயத்தின்மீது கப்பல்களை ஏவியவனும் அவனே! ஒரே மனிதனிடம் இரண்டும் இருந்தன. ஒன்றை ஏற்று மற்றொன்றை மறைப்பது நேர்மையாகாது. வென்ற துறைமுகங்களில் சோழராட்சி வேரூன்றவில்லை. தானமோ போருக்குப் பின்னும் தொடர்ந்தது: 1090இல் கடாரத் தூதர்கள் வேண்டிக்கொண்டபடி, விகாரத்திற்குரிய ஊர்களுக்கு முதலாம் குலோத்துங்கன் வரிவிலக்கு அளித்தான். லெய்டன் செப்பேடுகள் எனப் பெயர் பெற்றவை இவ்விரு செய்திகளையும் கூறுகின்றன.

நக்கவாரத்தாரின் தரப்பைச் சொல்லும் செப்பேடு எதுவும் இல்லை. போர்க்கப்பல்கள் கண்ணில் பட்ட நாளில் அம்மக்கள் காட்டுக்குள் ஓடினார்களா, தென்னந்தோப்பில் நின்று பார்த்தார்களா? மெய்க்கீர்த்தி அத்தீவின் தேன் நிறைந்த சோலைகளைப் புகழ்கிறது. அங்கு வாழ்ந்தவர்களைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.