வீரன் யாருக்கு உரியவன்?

கதையொன்றைத் திரைக்குக் கொண்டுவருபவன் யாருக்கு விசுவாசமாக இருத்தல் வேண்டும்? மூலத்துக்கா, இரசிகனுக்கா, பணமிட்ட முதலாளிக்கா? அமெரிக்கச் சித்திரக்கதை வீரர்கள் படமாகுந்தோறும் இரசிகரிடையே இவ்வினா எழுகின்றது. பொழுதுபோக்கில் விளைந்த வீண் சச்சரவென்று இதனைத் தள்ளிவிடுதல் தகாது. இதனுள் ஓர் அறப் பிரச்சினை பொதிந்துள்ளது.

2013 இல் வெளியான ‘மேன் ஒஃப் ஸ்டீல்’ படத்தின் இறுதியில், சுப்பர்மேன் தன் பகைவனின் கழுத்தை முறித்துக் கொல்கின்றான். இரசிகர் பலர் கொதித்தெழுந்தனர். உண்மையான சுப்பர்மேன் கொல்லமாட்டான் என்பது அவர்தம் கட்சி. ஆயினும், 1988 இல் வெளிவந்த சித்திரக்கதையிலேயே அவன் மூன்று பகைவரைக் கொன்றிருக்கின்றான். மூலம் என்பது ஒன்றன்று. பல கைகள் பல காலங்களில் எழுதிச் சேர்த்தது. ஆகவே மூலத்தை மட்டும் சாட்சிக்கழைத்து இவ்வழக்கைத் தீர்த்தல் இயலாது.

அவ்வாறாயின் இரசிகர் வேண்டிநின்றது யாது? வலிமை மிக்கவன் தன் வலிமைக்குத் தானே வரம்பிட்டுக்கொள்ள வேண்டும் என்பதே. வரம்பற்ற அதிகாரத்தை அன்றாடம் காணும் மனிதன் கற்பனையிலேனும் அவ்வடக்கத்தைத் தேடுவது நியாயமே. ஒரு குடும்பத்தைக் காப்பதற்கு அவனுக்கு வேறு வழியிருக்கவில்லை என்று படத்தின் ஆதரவாளர் வாதிட்டனர். ஆனால், கதையிலே வழிகளை அடைப்பவனும் கதாசிரியனே. அவன் உண்டாக்கிய நிர்ப்பந்தத்துக்கு அவனே பொறுப்பாளி.

எனினும், இரசிகரின் நினைவும் முழுமையானதன்று. 2013 இல் வீரனின் சிவப்பு அரைக்காற்சட்டை நீக்கப்பட்டதைப் பற்றியும் ஓயாது விவாதித்தனர். 2025 ஆம் ஆண்டுப் படத்தில் அது மீண்டுவிட்டது. மீளாதது வேறொன்று. யூதக் குடியேறிகளின் பிள்ளைகளான ஜெரி சீகலும் ஜோ ஷஸ்டரும், பொருளாதார மந்தத்தின் துயர் நீங்காத 1938 இல் இவ்வீரனை உலகுக்கு அளித்தனர். அவ்வாண்டிலேயே வந்த மூன்றாவது இதழில், சுரங்க முதலாளியையும் அவனது விருந்தினரையும் சுரங்கத்தினுள் அகப்படச் செய்து, தொழிலாளர் அன்றாடம் எதிர்நோக்கும் ஆபத்தை அவன் உணர்த்துகின்றான். பெரும் பொருட்செலவில் உருவான படங்களிலே அம்முதலாளியைக் காணோம். வேற்றுக்கிரகத்தாரும் தனிப்பட்ட வஞ்சகருமே அங்கு பெரும்பாலும் பகைவராகின்றனர். இவ்விழப்புக்காக எழுந்த குரல் மிகக் குறைவு.

மற்றொன்றும் மனங்கொளத்தக்கது. படைத்தவர் இருவரும் தம் உரிமையை 130 டொலருக்கு விற்றனர். பெரும் படமொன்று தயாராகவிருந்த 1975 இல், முதுமையிலே வறுமையுற்றிருந்த சீகல் பகிரங்கமாக முறையிட்டார். சக கலைஞர்கள் துணைநின்றனர். அதன்பின்னரே ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 20,000 டொலர் உதவித்தொகையும், படைத்தோர் என்ற பெயருரிமையும் கிடைத்தன. 1978 ஆம் ஆண்டுப் படம் அப்பெயர்களைத் தாங்கி வந்தது. சட்டம் அதற்கு முன்னரும் நிறுவனத்தின் பக்கமே நின்றது. நியாயம் அவ்வாறு நிற்கவில்லை.

மூலத்துக்கு விசுவாசம் கோருவோர் இவற்றையெல்லாம் ஒருங்கே கோருதல் வேண்டும். வீரன் கொல்லலாகாது என்று கேட்பது நன்று. அவன் யாருக்காகப் போராடினான் என்றும், அவனைப் படைத்த உழைப்புக்கு உரிய கூலி கிடைத்ததா என்றும் கேட்பது அதனினும் நன்று. உடையின் நிறத்தோடு நின்றுவிடும் விசுவாசம் முதலாளிக்கு எவ்வித இடையூறும் செய்வதில்லை.