42 மணி நேரப் பகல்

"உன் வாழ்க்கையை எழுது" என்று ஒரு பெண்ணிடம் சொல்வது ஊக்கப்படுத்துவதா, தடுப்பதா? ஊக்கப்படுத்துவது என்றுதான் இருபது ஆண்டுகளாக நம்பியிருந்தேன். இப்போது எனக்கு அந்த உறுதி இல்லை.

வெள்ளிக்கிழமை கடைசி பாடவேளையில் எங்கள் துறை அறையில் எட்டொன்பது மாணவிகள் கூடுவார்கள். படித்ததைச் சொல்வார்கள், எழுதியதை வாசிப்பார்கள். விடுதிப் பெண்கள் ஆறு மணிக்குள் உள்ளே போய்விட வேண்டும். மற்றவர்களுக்கு ஐந்தே காலுக்குப் பேருந்து. ஆகவே ஆளுக்குப் பத்து நிமிடம்தான்.

கவிதைகள் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது அறிவியல் புனைகதை. வீட்டுப் பரணில் கிடந்த சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வை ஒருத்தி எடுத்துவந்தாள். ஒரே மாதத்தில் கைமாறிக் கைமாறி அதன் அட்டை கழன்றுவிட்டது. "எல்லாத்தையும் ஜீனோதான் யோசிக்குது, நிலாவுக்கு யோசிக்கவே தெரியாதா?" என்று ஒருத்தி கேட்டாள். "நாய்க்குக் கொடுத்த மூளையில பாதியாவது அவளுக்குக் கொடுத்திருக்கலாம்" என்றாள் இன்னொருத்தி. அந்தச் சண்டையில்தான் அவர்கள் எழுத ஆரம்பித்தார்கள்.

இளங்கலை இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி கதை கொண்டுவந்தாள். வியாழனின் துணைக்கோளான யூரோப்பாவில் பனிப்பாறை வெட்டும் பெண்களைப் பற்றியது. யூரோப்பா வியாழனை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 85 மணி நேரம் ஆகிறது. எப்போதும் ஒரே முகத்தையே வியாழனுக்குக் காட்டுவதால் அதன் ஒரு நாளும் அவ்வளவு நீளம். பகல் மட்டுமே 42 மணி நேரத்துக்கு மேல். பூமியில் ஒப்பந்தம் போட்டபோது 'பகல் ஒன்றுக்கு இவ்வளவு கூலி' என்று எழுதியிருந்தார்கள். பெண்கள் கையெழுத்திட்டுவிட்டுப் போய் இறங்கினார்கள். முதல் நாள் சூரியன் மறையவே இல்லை.

அவளுடைய அம்மா நூற்பாலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவர் என்று எனக்குத் தெரியும். வாசித்து முடித்ததும் சொன்னேன்: "நல்லா இருக்கும்மா. ஆனா எதுக்கு அவ்வளவு தூரம் போகணும்? உங்கம்மா வேலை செய்யற மில்லையே எழுதலாமே. அதுல உண்மை இருக்கும்." அவள் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அடுத்த மூன்று வெள்ளிக்கிழமைகள் அவள் வரவில்லை.

நான் ஏன் அப்படிச் சொன்னேன்? என் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. பெண் தன் அனுபவத்தை எழுதும் உரிமை நமக்குச் சும்மா கிடைக்கவில்லை. 1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தபோது, ஒரு தலித் பெண் தன் வாழ்வைத் தன் மொழியில் எழுதலாம் என்பதே புதிய செய்தியாக இருந்தது. 2002இல் குட்டி ரேவதி தன் தொகுப்புக்கு 'முலைகள்' என்று பெயர் வைத்ததற்காக எத்தனை வசைகள் விழுந்தன என்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். என் உடல், என் வீடு, என் வலி என்று எழுதுவது எங்களுக்கு விடுதலையாக இருந்தது. அந்த விடுதலையைத்தான் அவளுக்குக் கொடுப்பதாக நினைத்தேன்.

ஆனால் ஒரு கேள்வி என்னை விடவில்லை. இதே கதையை ஒரு மாணவன் கொண்டுவந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? கணக்கு சரிதானா, பனிக்கு அடியில் கடல் இருக்கிறதே, அது கதைக்குள் வருமா என்று கேட்டிருப்பேன். ஒரு மருத்துவரின் மகள் எழுதியிருந்தால்? 'உங்கப்பா கிளினிக்கை எழுது' என்று சொல்லியிருக்க மாட்டேன். ஆலைத் தொழிலாளியின் மகளிடம் மட்டும் சாட்சியம் கேட்டேன். கற்பனை செய்ய மற்றவர்கள் இருக்கிறார்கள், நீ நடந்ததைச் சொன்னால் போதும் என்பதுதான் என் அன்பான அறிவுரையின் பொருள். நாங்கள் போராடித் திறந்த வாசலை அவளுக்கு வேலியாக்கிவிட்டேன்.

அப்போது 'சுல்தானாவின் கனவு' நினைவுக்கு வந்தது. வங்கத்தில் பர்தாவுக்குள் வளர்ந்து, வீட்டார் கண்ணுக்குத் தெரியாமல் அண்ணனிடம் ஆங்கிலம் கற்ற ரொக்கேயா எழுதிய கதை. அது 1905இல் முதலில் அச்சானது நம் சென்னையில், கமலா சத்தியநாதன் நடத்திய 'தி இந்தியன் லேடீஸ் மேகஸின்' இதழில். அதில் ஆண்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள். பெண்கள் சூரிய வெப்பத்தைச் சேமிக்கிறார்கள், மேகத்திலிருந்து நீர் இறக்குகிறார்கள். இரண்டு மணி நேரத்தில் அன்றைய வேலையை முடித்துவிடுகிறார்கள். 'இதெல்லாம் எதற்கு, உங்கள் அந்தப்புரத்தைப் பற்றி எழுதி அனுப்புங்கள்' என்று ஒரு கடிதம் சென்னையிலிருந்து போயிருந்தால்? 'அபரோத்பாசினி' என்ற நூலில் பர்தாக் கொடுமைகளை நடந்தது நடந்தபடியே ரொக்கேயா பின்னாளில் எழுதவும் செய்தார். எதை எப்போது எழுதுவது என்பதை அவரே முடிவு செய்தார்.

ரொக்கேயாவின் இரண்டு மணி நேர வேலைநாளையும் என் மாணவியின் 42 மணி நேரப் பகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. இரண்டும் ஒரே கேள்வி. வேலைநாள் என்பதை யார் அளக்கிறார்கள்?

அவளைத் தேடிப் போய்ப் பேசினேன். நான் சொன்னது தப்பு என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னாள்: "மில்லுன்னு எழுதுனா எல்லாரும் பாவம்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க மேடம். யூரோப்பான்னா உக்காந்து கணக்குப் போட்டுப் பார்ப்பாங்க." சற்றுப் பொறுத்து, "அதோட, அங்க நான் போயிருக்கேன். மில்லுக்கு எங்கம்மாதான் போறாங்க" என்றாள்.

எழுதியதைப் பகிர்வது பற்றிப் பேசும்போது, கூச்சத்தை விடு, தைரியமாக வாசி என்று எழுதுபவளுக்கே அறிவுரை சொல்கிறோம். கேட்பவளுக்கு ஒரு கடமை இருப்பதை மறந்துவிடுகிறோம். இன்னும் முடியாத ஒரு கதையை ஒருத்தி நம் முன் வைக்கும்போது, அவள் படைத்த உலகத்துக்குள் முதலில் நாம் போய்ப் பார்க்க வேண்டும். அவள் வீட்டுக்குள் எட்டிப்பார்க்க நமக்கு அழைப்பு இல்லை. கதையின் வழியாக அந்த வீடு தெரிந்தால், அதைச் சொல்வதா வேண்டாமா என்பது அவள் விருப்பம். தன்னைச் சொல்லாமல் எழுதும் உரிமையும் தன்னைச் சொல்லும் உரிமையைப் போலவே நாம் கேட்டுப் பெற வேண்டியதுதான்.

இப்போது எங்கள் வெள்ளிக்கிழமைகளில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். ஒருத்தி வாசித்து முடித்ததும் மற்றவர்களின் முதல் கேள்வி அந்தக் கதையின் உலகத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும். அங்கே இரவில் என்ன சாப்பிடுவார்கள்? ஒப்பந்தத்தை யார் வாசித்துக் காட்டினார்கள்? அவள் திரும்பி வந்த அன்று நான் கேட்டது, "42 மணி நேரத்துல எப்பத் தூங்குவாங்க?" என்பது. சிரித்தாள். "அதுதான் கதையே" என்றாள்.

முடிவை இன்னும் எங்களுக்கு வாசித்துக் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை.