கடல் விலகிப் போன பிறகு

ஏரலிலிருந்து கொற்கைக்குப் போகிறவர் கடலைத் தேடினால் வாழைத் தோட்டத்தைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். பாண்டியரின் முத்துத் துறைமுகமாக இருந்த ஊர் இது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய எரித்திரியக் கடல் பயணக் குறிப்பு, தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு இங்கே முத்துக் குளித்ததைச் சொல்கிறது. அடுத்த நூற்றாண்டில் தாலமியும் இந்த ஊரைக் குறித்திருக்கிறார். இன்று கடற்கரை ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் கிழக்கே கிடக்கிறது.

துறைமுகத்தை மூடியது தாமிரபரணி. பொதிகையிலிருந்து சுமார் 128 கிலோமீட்டர் ஓடிவரும் ஆறு, மழைக்காலந்தோறும் வண்டலைக் கொண்டுவந்து முகத்துவாரத்தில் கொட்டி, கடலைக் கொஞ்சங்கொஞ்சமாகக் கிழக்கே தள்ளியது. 1881-இல் வெளிவந்த தம் திருநெல்வேலி வரலாற்றில் கால்டுவெல் இதை எழுதியிருக்கிறார். வணிகம் காயலுக்கு நகர்ந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்ட காயலில் அரபு நாட்டுக் குதிரைகள் வந்து இறங்கின. அந்தக் காயலும் மேடேறிப் பழையகாயல் ஆனது. பிறகு தூத்துக்குடி.

கொற்கைக் குளத்தங்கரையில் நிற்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி எழும். எதை நம்பிப் பிழைத்தோமோ அது நம்மைவிட்டு விலகினால், அதன் பின்னாலேயே போவதா? நின்ற இடத்திலேயே வேறொன்றைப் பழகிக்கொள்வதா?

என் அப்பா திருநெல்வேலி டவுனில் அச்சுக் கோர்ப்பவராக இருந்தார். ஈய எழுத்தைத் தலைகீழாகவே வாசிப்பார். கணினி வந்ததும் கூட இருந்தவர்களில் சிலர் சிவகாசிக்குப் போனார்கள். சிலர் வேறு வேலைக்குப் போனார்கள். அப்பா சில மாதம் திண்ணையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அம்மா அவரை ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அதே கணினிக்காரர்கள் அவரைத் தேடி வந்தார்கள். வேகமாக அடித்துத் தள்ளிய பக்கங்களில் பிழைகள் மலிந்திருந்தன. திருத்த ஆள் இல்லை. கடைசிவரை அவர் பிழை திருத்தித்தான் எங்களைக் காப்பாற்றினார். எது அவர் வேலையைப் பறித்ததோ அதுவே சோறும் போட்டது.

கொற்கையிலும் அதுதான் நடந்திருக்கிறது. கப்பலை வரவிடாமல் செய்த வண்டலில்தான் இன்று நெல்லும் வாழையும் விளைகின்றன. முத்துக் குளிக்கும் கலை கடலைத் தொடர்ந்து போயிற்று; ஊர் ஏரைப் பிடித்துக்கொண்டது. போனவர்களும் நின்றவர்களும் பிழைத்தார்கள். யாரையும் கோழை என்றோ பிடிவாதக்காரர் என்றோ சொல்ல எனக்கு வாய் வராது.

கொற்கையைப் போல மாறிக்கொள்ளாமல், பார்வைக்கு மட்டும் காத்து வைக்கப்பட்ட துறைமுகமும் உண்டு. ஈஜியன் கடலில் தீலோஸ் என்றொரு சின்னத் தீவு. கிரேக்கர்களின் அப்போலோ பிறந்த இடம் என்பது நம்பிக்கை. அதன் புனிதம் கெடக்கூடாதென்று கி.மு. 426-இல் ஏதென்ஸ்காரர்கள் அங்கிருந்த கல்லறைகளைத் தோண்டி அகற்றி, இனி அந்தத் தீவில் யாரும் பிறக்கவோ இறக்கவோ கூடாது என்று விதித்தார்கள். கி.மு. 166-இல் ரோமர் அதைச் சுங்கமில்லாத் துறைமுகமாக்க, வணிகம் பெருகியது. கி.மு. 88-லும் 69-லும் நேர்ந்த சூறையாடல்களில் ஊர் நொடித்துப் போனது. 1990-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னம் ஆக்கியது. பக்கத்து மிக்கோனோஸிலிருந்து படகில் போய்த் தூண்களையும் பளிங்குச் சிங்கங்களையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும். வந்தவர் இரவு தங்க அனுமதியில்லை.

கொற்கையில் அப்படி நின்று பார்க்கத் தூண்வரிசை கிடையாது. குளத்தங்கரையில் வெற்றிவேல் அம்மன் கோயில், ஊருக்குள் அக்காசாலை ஈஸ்வரமுடையார் கோயில், இரண்டாயிரம் வருஷத்து மரம் என்று ஊரார் காட்டும் வன்னி. 1968-69 அகழாய்வில் கிடைத்த கரித்துண்டின் காலத்தை கி.மு. 785 என்று கணித்தார்கள். 2021-இலும் தோண்டினார்கள். வன்னி மரத்தடியில் இருந்த பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "கடல் இங்கனதான் கெடந்துச்சுங்காங்க தம்பி. எங்க தாத்தாவே பாத்ததில்ல. இந்த வருசம் வாழைக்கு வெல இல்லேல்லா, அதச் சொல்லுங்க" என்றார். அரைமணி நேரம் வாழை விலையைப் பற்றித்தான் பேசினோம்.

வண்டலை வரம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் இதே ஆறு ஏரல் கடைவீதிக்குள் புகுந்து எத்தனையோ பேரின் முதலைச் சேறாக்கிவிட்டுப் போனது. அந்தச் சேற்றைப் பார்த்தவரிடம் போய், காலம் எல்லாவற்றையும் விளைநிலமாக்கும் என்று ஆறுதல் சொல்லக்கூடாது. ஒரு துறைமுகம் வயலாக எத்தனையோ தலைமுறை ஆகிறது. இடையில் வாழ்ந்தவர்களுக்குக் கடலும் இல்லை, வயலும் இல்லை. அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்த மாதங்களும் அப்படிப்பட்டவையே. அந்த நாட்களில் ஒரு மனிதருக்கு வேண்டியது புத்திமதியல்ல. கேள்வி கேட்காமல் சோறு போடும் ஒரு வீடு.

தீலோஸைப் பாதுகாப்பவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் எந்த ஊரில் வாழ்வாய் என்று கேட்டால் கொற்கையைத்தான் சொல்வேன். நெல்லையிலிருந்து ஏரலுக்குப் பேருந்து இருக்கிறது. போகிறவர்கள் கோயிலையும் வன்னியையும் பார்த்ததோடு திரும்பிவிடாதீர்கள். வயலில் நிற்பவரிடம் இந்த வருஷம் விளைச்சல் எப்படி என்றும் கேளுங்கள்.