பாடசாலை வாயிலும் பெற்றார் மனச்சாட்சியும்

பிள்ளைக்கு ஐந்து வயது நெருங்கும்போது எமது நடுத்தர வர்க்கத்துக் குடும்பங்களில் ஓர் ஆராய்ச்சி தொடங்குகிறது. எந்தக் கல்லூரியில் ஆங்கிலம் நன்றாகப் போதிக்கிறார்கள், சாதாரண தரப் பரீட்சையில் எங்கே பெறுபேறு சிறந்தது, எந்தக் கல்லூரியின் கட்டணம் எம்மால் தாங்கக்கூடியது என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். உறவினர் வீட்டுக் கலியாணத்திலும் பஸ் தரிப்பிலும் இதே பேச்சு. இக்கேள்விகள் யாவும் நியாயமானவையே. ஆயின் ஒரு கேள்வியை மாத்திரம் எவரும் கேட்கக் காணோம். இந்தப் பாடசாலை எந்தப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வதில்லை என்பதே அது. தனியார் பாடசாலைகளுள் ஒன்றைத் தெரிவு செய்யும் பெற்றார், தாம் அறிந்தோ அறியாமலோ, அந்தக் கேள்விக்கும் சேர்த்தே ஒரு விடையை அளித்துவிடுகின்றனர் என்பது எமது கருத்து. அது எத்தகைய விடை என்பதையே இங்கு ஆராய விழைகிறோம்.

முதலில் ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். பாடசாலையைத் தெரிவு செய்வோர் இந்நாட்டிற் சிறு தொகையினரே. பத்தாயிரத்துக்கு மேற்பட்ட அரசாங்கப் பாடசாலைகளிற் படிக்கும் பிள்ளைகளுட் பெரும்பாலோருக்குப் பாடசாலை என்பது வீட்டுக்கு எட்டிய தூரத்தில் இருப்பதுதான். தோட்டத் தொழிலாளியின் மகள் மலையடிவாரத்துப் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகிறாள்; அது பிடிக்கவில்லையென்றால் வேறொன்றுக்குப் போகலாம் என்ற பேச்சு அவள் வீட்டில் எழுவதில்லை. தெரிவு என்பதே ஒரு சலுகையாயிருக்கும் சமுதாயத்தில், அச்சலுகை உடையவன் அதனை எப்படிப் பயன்படுத்துகிறான் என்று கேட்பது அவன் வீட்டு விஷயத்தில் தலையிடுவதாகாது.

எமது தனியார் பாடசாலைகளின் கதை நீண்டது. மிசனரிமாரும், அவர்களுக்கு எதிராக எழுந்த சைவப் பெருமக்களும், ஊர்ப் பிரபுக்களும் நிறுவிய பாடசாலைகள் அரசாங்கத்தின் உதவிநன்கொடையில் இயங்கின. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945 ஆம் ஆண்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1960 ஆம், 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவிபெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி போன்றவை அரசாங்கத்தின் கைக்கு மாறின. பரியோவான் கல்லூரி, சம்பத்திரிசியார் கல்லூரி, வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரி முதலியன தனியாராகவே நின்றன. ஐந்து வயதுக்கும் பதினான்கு வயதுக்கும் இடைப்பட்டோருக்குத் தனியார் புதிதாகப் பாடசாலை நிறுவலாகாது என்று 1961 ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. அந்தச் சட்டம் இருக்கத்தக்கதாகவே, பின்னாளிற் கம்பெனிச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்துகொண்ட 'சர்வதேசப் பாடசாலைகள்' கொழும்பிலும் கண்டியிலும் யாழ்ப்பாணத்திலும் எழுந்தன. பாடசாலை என்ற பெயரில் மூடிய கதவு வியாபார நிறுவனம் என்ற பெயரிலே திறந்தது. இந்த வேடிக்கையைப் பற்றி எழுதப் புகின் அது வேறொரு கட்டுரையாகும்.

எமக்கு இங்கே வேண்டியது இக்கதையின் ஓர் அத்தியாயம். இந்நூற்றாண்டின் பெற்றாரை விளங்கிக்கொள்ள அதைவிடச் சிறந்த உரைகல் இல்லை.

1920களிலே யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்கள் பலவற்றில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் வாங்கிலே இருக்க இயலாது. தரையில் இருந்தார்கள், சில இடங்களில் வகுப்பறைக்கு வெளியே நின்று பாடம் கேட்டார்கள். உதவிநன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக இருத்தப்படவேண்டும் என்று அரசாங்கம் பணித்தது. சம ஆசனம், சம போசனம் என்ற கோரிக்கைகள் அக்காலத்திலே எழுந்தன. ஹண்டி பேரின்பநாயகம் முதலானோர் முன்னின்று நடத்திய, 1924 ஆம் ஆண்டிலே தொடங்கிய, வாலிபர் காங்கிரஸ் இக்கோரிக்கைகளுக்குத் துணைநின்றது. எதிர்ப்போ பெரிதாயிருந்தது. அக்காலத்துத் தமிழ்த் தலைவர்களுட் சிலரே சம ஆசனத்தைத் தடுக்க முனைந்தனர். பெற்றார் பிள்ளைகளை மறித்தனர். 1930 ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் சில பள்ளிக்கூடங்கள் தீக்கிரையாகவும் செய்தன.

இதனை வெறும் சாதி வெறி என்று சொல்லிக் கடந்துவிடுதல் எளிது. சற்றே நின்று பார்ப்போம். சம ஆசனம் வந்ததனால் அப்பள்ளிக்கூடங்களில் மாறியது என்ன? உபாத்தியாயர் மாறவில்லை. பாடப் புத்தகம் மாறவில்லை. கணக்கும் இலக்கணமும் நேற்றுப் போலவே இன்றும் சொல்லிக் கொடுக்கப்பட்டன. தரையில் இருந்த பிள்ளை வாங்கில் ஏறி இருந்தது, மாறியது அவ்வளவே. அவ்வளவுக்காகத் தம் பிள்ளைகளை மறித்த பெற்றார், அதுவரை அப்பள்ளிக்கூடத்திற் பெற்றுக்கொண்டிருந்தது கல்வியை மாத்திரமன்று என்பது அன்றைக்கு வெளிப்பட்டுவிட்டது. இன்னொரு பிள்ளை தரையில் இருப்பதும் அவர்கள் பெற்றுவந்த பொருள்களுள் ஒன்று. அரசாங்கம் அதனைப் பறித்தபோது, எஞ்சிய கல்வி அவர்களுக்குப் போதாமற் போயிற்று.

இன்றைய பெற்றார் கோபங்கொள்வர். நாம் சாதி பார்த்தா பிள்ளையைச் சேர்க்கிறோம் என்பர். பலர் பார்ப்பதில்லை என்பதை நாமும் ஏற்கிறோம். 1957 ஆம் ஆண்டிலே சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. அதன் பின்னும் போராட்டங்கள் பல நடந்தன. இன்று வாங்கு எல்லாருக்கும் பொதுவே. ஆனால் வாங்கு செய்த வேலையை இப்பொழுது வாயில் செய்கிறது. கட்டணமும் சேர்வு நன்கொடையும் முதற் சல்லடை. தப்பி வருவோருக்கு நேர்முகப் பரீட்சை. நாலரை வயதுக் குழந்தையின் முன்னே படங்களை வைத்து ஆங்கிலத்திற் பெயர் கேட்கிறார்கள். குழந்தை விழிக்கும்போது தாயின் முகத்தையும் தந்தையின் உத்தியோகத்தையும் பார்த்துக்கொள்கிறார்கள். வீட்டிலே ஆங்கிலம் பேசாத தாயின் பிள்ளைக்கு 'இடமில்லை' என்ற கடிதம் வருகிறது. அந்தக் கடிதத்திலே சாதியும் இல்லை, வர்க்கமும் இல்லை. மரியாதையான இரண்டு வரிகளே உண்டு.

காது கேளாத பிள்ளைக்கும், பேசப் பிந்திய பிள்ளைக்கும், ஓரிடத்தில் அமைதியாக இருக்கமாட்டாத பிள்ளைக்கும் வரும் கடிதம் இன்னும் மிருதுவானது. 'உங்கள் பிள்ளையின் நன்மையை உத்தேசித்து' என்று அது தொடங்கும். இரத்மலானையில் 1912 ஆம் ஆண்டிலும் கைதடியில் 1956 ஆம் ஆண்டிலும் செவிப்புலன், விழிப்புலன் அற்ற பிள்ளைகளுக்கெனத் தனிப் பாடசாலைகள் நிறுவியோர், வேறெவரும் அப்பிள்ளைகளை ஏற்காத காலத்திலே செய்த தொண்டு பெரிது. ஆனால் காலம் அங்கே நின்றுவிடவில்லை. கல்வி நிறுவனமொன்றிற் சேர்வதற்கு வலுவின்மை காரணமாக எவருக்கும் பாரபட்சம் காட்டலாகாது என்று 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் இந்நாட்டிலே சொல்கிறது. வலுவிழந்தோர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தையும் இலங்கை 2016 ஆம் ஆண்டில் ஏற்று உறுதிசெய்தது. சட்டத்தை மீறுவதாக எவரும் சொல்வதில்லை. பிள்ளையின் நன்மையை உத்தேசிக்கிறார்கள்.

இவ்வாறு சலித்தெடுத்த பிள்ளைகளைப் பதினொரு ஆண்டுகள் படிப்பித்து, பரீட்சைப் பெறுபேற்றைப் பதாகையிற் பொறித்து மதிலிலே தொங்கவிடுகிறார்கள். அதைக் கண்டு அடுத்த ஆண்டுப் பெற்றார் மயங்குகின்றனர். நல்ல நெல்லை மாத்திரம் தெரிந்தெடுத்து விதைத்தவன் தன் நிலத்தின் வளத்தைப் பற்றிப் பேசினால் எமது கமக்காரன் சிரிப்பான். கல்வி விஷயத்தில் மாத்திரம் அவனும் நம்பிவிடுகிறான்.

இனி, எதிர்வாதங்களுட் பலமானதற்கு வருவோம். 'பிள்ளைமீது எனக்குத் தனிக் கடமை உண்டு. ஊர்ப் பிள்ளைகள் அனைவரையும் என் பிள்ளையைப்போல் நேசிக்க என்னால் இயலாது. என் கொள்கைக்காக என் மகளின் எதிர்காலத்தைப் பணயம் வைக்கவும் மாட்டேன்.' இதனை நாம் அற்பமாக நினைக்கவில்லை. தன் பிள்ளைக்கும் அயலான் பிள்ளைக்கும் வேற்றுமை காணாத பெற்றார் பெற்றாரே அல்லர். இராத்திரிக் கதை சொல்லித் தூங்கவைக்கும் தாய் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை என்று எவரும் குற்றம் காண்பதில்லை. பிரச்சினை அன்பிலே இல்லை. அந்த அன்பு எதை வாங்குகிறது என்பதிலே இருக்கிறது. பிரெட் ஹெர்ஷ் என்ற பொருளியலாளர் 1976 ஆம் ஆண்டில் ஒரு வேற்றுமையை விளக்கினார். சில பொருள்கள் எவ்வளவு பேரிடம் இருந்தாலும் அவற்றின் பயன் குறையாது. வேறு சிலவற்றின் பெறுமதியோ பிறரிடம் அவை இல்லாதிருப்பதிலேயே தங்கியுள்ளது. கல்வி இரண்டுமாக இருக்கிறது. கவிதையைச் சுவைக்கவும் கணக்கை விளங்கவும் கற்ற பிள்ளையின் இன்பம், அடுத்த பிள்ளையும் கற்றதனாற் குறைவதில்லை. உத்தியோக வரிசையில் முன்னே நிற்பதற்கான கல்வியோ, இன்னொருவன் பின்னே நின்றாலொழியப் பயன் தராது. ஆடம் சுவிஃப்ட் என்ற ஆங்கிலத் தத்துவ அறிஞர், தனியார் பாடசாலையை எதிர்க்கும் பெற்றார் தம் பிள்ளையை அங்கே அனுப்புவது எப்பொழுது பாசாங்காகும், எப்பொழுது ஆகாது என்பதை ஆராய்ந்து 2003 ஆம் ஆண்டிலே ஒரு முழு நூலே எழுதினார். பிள்ளைக்குப் போதுமான கல்வி வேறெங்கும் கிடையாதபோது பெற்றாரைக் குறைகூறல் தகாது என்று அவர் ஒப்புகிறார். நாமும் ஒப்புகிறோம். விஞ்ஞான ஆசிரியர் இல்லாத பள்ளிக்கூடத்திலிருந்து மகளை எடுத்துக் கட்டணம் செலுத்தும் தந்தையிடம் எமக்குப் பேச்சில்லை.

மற்றையோருக்கு ஒரு சோதனையை முன்வைக்கிறோம். நீங்கள் விரும்பும் பாடசாலையின் ஆசிரியரும் பாடமும் இடங்களின் தொகையும் அப்படியே இருக்கட்டும். உங்கள் பிள்ளைக்கு ஓரிடம் நிச்சயம். எஞ்சிய இடங்கள் மாத்திரம், அப்பகுதியிலே விண்ணப்பித்த எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் இட்டுக் குலுக்கிய சீட்டினால் நிரப்பப்படும் எனக் கொள்வோம். மீன் விற்பவரின் மகன் வருவான். சக்கர நாற்காலியில் ஒரு சிறுமி வருவாள். ஆங்கிலமே கேட்டறியாதவர் பலர் வருவர். அப்பொழுதும் அந்தப் பாடசாலைக்கே அனுப்புவீர்களா? அனுப்புவோம் என்போர் கல்வியை நாடுவோர். தயங்குவோர், 1930 ஆம் ஆண்டிலே பிள்ளையை மறித்த அந்தப் பெற்றாருக்கு எவ்வளவு தொலைவில் நிற்கின்றனர் என்பதைத் தாமே அளந்துகொள்ளலாம்.

அப்படிச் செய்தால் எல்லாப் பிள்ளைகளின் படிப்பும் கெட்டுவிடும் என்று அஞ்சுவோருக்கு டில்லி நகரத்து அனுபவம் உண்டு. அங்கே தனியார் பாடசாலைகள் பல ஒரு பகுதி இடங்களை ஏழைப் பிள்ளைகளுக்கு அளிக்கக் கட்டாயப்படுத்தப்பட்டன. பின்னர் 2009 ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டம் நான்கிலொரு பங்கு என இந்தியா முழுவதற்கும் விதித்தது. டில்லிப் பாடசாலைகளை ஆராய்ந்த பொருளியல் அறிஞர் கௌதம் ராவ் 2019 ஆம் ஆண்டிலே தம் முடிவுகளை வெளியிட்டார். ஏழைத் தோழர்களோடு படித்த செல்வர் வீட்டுப் பிள்ளைகள் அதிகம் கொடைக் குணமும் சமத்துவ உணர்வும் உடையராயினர். ஏழைகளை ஒதுக்குவது அவர்களிடம் குறைந்தது. அவர்களின் பரீட்சைப் புள்ளிகளிலே ஏற்பட்ட மாற்றம் சிறிதே. ஒரே குழுவில் இருந்து படித்ததனால் வந்த பயன் இது. வேறு வகுப்பறையில் வைத்திருந்தால் வந்திராது.

நிற்க. அரசாங்கப் பாடசாலைகள் எல்லாம் நீதியின் இருப்பிடம் என்று நாம் சொல்ல வரவில்லை. பெயர்பெற்ற அரசாங்கக் கல்லூரிகளின் முதலாந்தரத்துக்காகப் பொய்யான வீட்டு வாடகைப் பத்திரங்களும் மின்சாரப் பட்டியல்களும் தயாராவதை நாடே அறியும். பழைய மாணவரின் பிள்ளைக்கென ஒரு பங்கை ஒதுக்கும் விதியைப் பாருங்கள்: அன்றைக்கு எவன் உள்ளே நின்றானோ அவன் மகனே இன்றும் உள்ளே. மறுபுறத்தில், ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் பலருக்கு எழுத்தறிவித்தவை தனியாரான மிசன் பள்ளிக்கூடங்களே. அவைதாமும் பல இடங்களில் உயர்சாதியாரின் மனம் கோணாதபடி ஒதுங்கி நடந்தன என்பதும் உண்மை. ஆகையால் பெயர்ப்பலகையிலே 'அரசாங்கம்' என்றிருக்கிறதா 'தனியார்' என்றிருக்கிறதா என்பதைக்கொண்டு மாத்திரம் தீர்ப்பளிக்க இயலாது. கதவைத்தான் பார்க்கவேண்டும்.

கதவைப் பார்ப்பது கடினமன்று. கட்டணம் செலுத்தப் போகும் பெற்றாருக்கு அதிபரிடம் கேள்வி கேட்கும் அதிகாரம் உண்டு. ஏழைப் பெற்றாருக்கு அது கிடையாது. சென்ற ஆண்டு எத்தனை பிள்ளைகள் கட்டணமின்றிச் சேர்ந்தனர்? பரிசளிப்பு மலரிற் படம் போடுவதற்காக இருவரா, வகுப்புக்கு ஐவரா? வலுவிழந்த பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களுக்கு உதவும் ஆசிரியர் உண்டா? சுற்றுலாவுக்கும் இசைவிழாவுக்கும் தனித்தனியே பணம் கேட்கும்போது கட்டணமற்ற பிள்ளை என்ன செய்கிறது? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். சேர்த்துக்கொண்ட பிள்ளையை மறுபடி தரையில் இருத்தும் வழிகள் பல உண்டு என்பது தெரியவரும்.

பெற்றாரைவிடப் பலம் மிக்கோர் வேறொருவர் உளர். லண்டனிலும் ரொறன்ரோவிலும் இயங்கும் பழைய மாணவர் சங்கங்கள் இக்கல்லூரிகளுக்குப் பெருந்தொகைப் பணம் அனுப்புகின்றன. நீச்சற்றடாகமும் விளையாட்டரங்கும் அப்பணத்தினால் எழுகின்றன; திறப்புவிழாவிற் பெயர்க் கல்லும் நாட்டப்படுகிறது. அச்சங்கங்களின் உறுப்பினருட் பலர், தம் பிள்ளைகளைக் கனடாவிலே அயலிலுள்ள பொதுப் பாடசாலைக்கு, எல்லா நிறத்துப் பிள்ளைகளோடும், கட்டணமின்றி அனுப்பியவர்கள். அங்கே எவரும் அவர்களின் பிள்ளையை வாயிலிலே நிறுத்தி வீட்டு மொழியைக் கேட்கவில்லை. அடுத்த முறை காசோலை எழுதுமுன், கல்லூரியின் சேர்வுப் பட்டியலை அனுப்பிவைக்குமாறு அவர்கள் கேட்கலாம். வருடாந்தப் பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலிலே அதற்கு ஓரிடம் வேண்டும் என ஓர் உறுப்பினர் எழுந்து சொன்னாற் போதும்.